ஆறாம் வேலை நாளுக்கு முன்

கல்வி அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர் என்ற பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. பதவி உயர்வோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மேசைக்கு மேலே ஒரு பெயர்ப் பலகை கூடும்; வேறெதுவும் கூடாது. இந்த ஆண்டு அந்தப் பலகைக்குக் கீழே உட்காரப்போகிறவர்களில் சிலர் சென்ற மாதம் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். எதைக் கொடுக்கலாம், எதை மறுக்கலாம் என்றே அதிகம் கேட்டீர்கள். அதற்குப் பயிற்சி வகுப்பு உண்டு, சுற்றறிக்கைகள் உண்டு. கொடுத்தே ஆகவேண்டிய ஒன்றை எப்போது கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதற்குச் சுற்றறிக்கை கிடையாது. தேநீர் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடியதாக அது இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று.

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமங்களில் ஒருவர் கையில் காகிதத்தோடு நடந்தால், எதிரே வருபவர் "எதுக்காக்கும்?" என்று கேட்பார். கேட்காமல் போனால்தான் வருத்தம். ஆஸ்பத்திரிச் சீட்டு என்றால் காரக்கோணம் வரை துணைக்கு வரட்டுமா என்பதும், நீதிமன்றத் தாள் என்றால் எனக்கு ஒரு வக்கீலைத் தெரியும் என்பதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. ஆனால் அலுவலகச் சன்னலுக்கு உள்ளே அமர்ந்துகொண்டு அதே சொல்லைச் சொல்லும்போது அதன் முகம் மாறிவிடுகிறது. ஒருமுறை பெரியவர் ஒருவர், தம் பேரன் படிக்கும் பள்ளியின் ஆசிரியர் வருகைப் பதிவேட்டு நகலைக் கேட்டு விண்ணப்பத்தோடு வந்தார். எங்கள் பிரிவு எழுத்தர் நல்ல மனிதர். உண்மையான பரிவோடு, "எதுக்காக்கும் அண்ணா?" என்று கேட்டார். பெரியவர் நீட்டிய கையைப் பின்னிழுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல மக்கா, சும்மா," என்று சொல்லி, விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார். பிறகு வரவேயில்லை. அவர் எதை அறிய வந்தார் என்பது எனக்கு இன்றும் தெரியாது. காரணம் கேட்கக் கூடாது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஏன் சொல்கிறது என்பது மட்டும் அன்று தெரிந்தது.

இனி விஜிலாவின் விண்ணப்பத்துக்கு வருகிறேன். உங்களுக்கு நான் சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான் என்றுகூட நினைக்கிறேன்.

எங்கள் கல்வி உபமாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளி இருந்தது. அதன் பின்மதிலுக்கு அப்பால் தமிழ்நாடு. பள்ளியில் மலையாள வழியிலும் தமிழ் வழியிலும் பிரிவுகள் நடந்தன. வெளி மாவட்டத்திலிருந்து வந்திருக்கும் உங்களில் ஒருவருக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை எண்ணுவார்கள். அந்த ஆண்டு எத்தனை பிரிவுகள், எத்தனை ஆசிரியர்கள் என்பதை அந்தக் கணக்கே தீர்மானிக்கும். அன்றைக்குத் தலை குறைந்தால் பிரிவு போகும். அதற்கு மறுநாள் யார் வந்தாலும், யார் போனாலும் அந்த ஆண்டுக்கு மாற்றமில்லை. தமிழ்ப் பிரிவுகள் பெரும்பாலும் விளிம்பில் நின்றவை. நாலைந்து பிள்ளைகள் இடம் மாறினால் ஒரு பிரிவு இல்லாமலாகிவிடும்.

பள்ளி திறந்து இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, நல்ல மழையில், விஜிலா நெய்யாற்றின்கரையில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். பாறசாலையில் ஒரு தையல் கடையில் வேலை செய்பவர். மகள் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு, தமிழ்ப் பிரிவு. கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய விண்ணப்பத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வந்திருந்தார். அது தமிழில் இருந்தது.

"சேச்சி, இத மலையாளத்துல எழுதிக் கொண்டு வந்தா எளுப்பமாயிருக்கும்," என்றார் எழுத்தர்.

"எனக்கு எழுதத் தெரிஞ்சது இதாக்கும்," என்றார் விஜிலா.

தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று நம் மாநிலத்தில் விதி உண்டு. நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். அந்த ஆண்டு பள்ளிக் கட்டடத்துக்குப் பஞ்சாயத்துப் பொறியாளர் அளித்த உறுதிச் சான்றின் நகல் வேண்டும் என்று எழுதியிருந்தார். ஊரில் அதை 'பிட்னஸ்' என்றே சொல்வார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்க வேண்டுமென்றால் அது கையில் இருக்க வேண்டும்.

எதற்கென்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"மேடம், அந்த வடக்கத்தி முறிக்க செவரப் பாத்திருக்கியளா? மழ பெய்தா நனஞ்சு கறுத்துப் போவுது. எனக்க மோளு அந்தக் கீறல்லதான் பென்சிலச் சொருகி வைக்கா. பெட்டி வேண்டாம் அம்மா, அதுல நல்லா நிக்குதுண்ணு சிரிச்சோண்டு செல்லுதா. எனக்கு ஒறக்கம் வரல்ல."

"அந்த அறையைப் பற்றித் தலைமையாசிரியரிடம் கேட்டீர்களா?"

"கேட்டேன். பிட்னஸ் கிட்டியாச்சு, பயப்படாதீங்கண்ணாரு. கிட்டினா காட்டுங்கண்ணேன். அது ஆபீஸுல இருக்குண்ணாரு. அதான் ஆபீஸுக்கு வந்தேன்." குடையிலிருந்து வடிந்த தண்ணீரைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தொடர்ந்தார். "வேற பள்ளிக்கூடத்துக்காரன் வேன் அனுப்பலாம்ணு செல்லுதான். அங்க தமிழு கெடையாது. வீட்டுல பாடம் செல்லிக் குடுக்க எனக்குத் தமிழ விட்டா வேற ஒக்காது. எனக்குத் தமிழு போவவும் பிடாது, செவரு விழவும் பிடாது. எது வேணும்ணு தீருமானிக்க எனக்கு ஒரு துண்டுக் கடலாசாவது வேண்டாமா?"

ரசீது கொடுத்து அனுப்பினேன். அவர் படி இறங்கியதும் பின்னால் திரும்பி அலமாரியைத் திறந்தேன். எல்லாப் பள்ளிகளின் சான்றுகளும் ஒரே கோப்பில் இருந்தன. தேடுவதற்கு ஒரு வேலையும் இல்லை. அந்தச் சான்றில் இரண்டு பத்திகள். முதன்மைக் கட்டடம் வகுப்பு நடத்த ஏற்றது என்பது முதல் பத்தி. வடக்கு ஓரத்து அறையின் சுவரை இடித்துக் கட்டும் வரை அங்கே வகுப்பு நடத்தக் கூடாது என்பது இரண்டாவது. பள்ளிக்கும் ஒரு படி போயிருந்தது. முதல் பத்தியை வைத்துக்கொண்டு பள்ளியைத் திறந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவுக்கு உட்கார வேறு இடம் இல்லாததால் இரண்டாம் பத்தியைப் பற்றி யாரும் பேசவில்லை.

அன்று பிற்பகலே பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சுகுமாரன் வந்துவிட்டார். சொந்தமாகச் சுமை ஆட்டோ ஓட்டுபவர். அந்தத் தமிழ்ப் பிரிவுக்கு ஓர் ஆசிரியையைப் பெறுவதற்காகத் திருவனந்தபுரத்துக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடையாய் நடந்தவர். அவர் மீது எனக்கு மதிப்பு உண்டு, இப்போதும் உண்டு.

"மேடமே, விஜிலா வந்தாளாக்கும்?"

"யார் வந்தார், என்ன கேட்டார் என்பதை நான் சொல்ல முடியாது, சுகுமாரன் அண்ணா."

"நீங்க செல்லாண்டாம். பஸ்ஸுல அவளுக்கப் பக்கத்துல இருந்தது எனக்க பெஞ்சாதியாக்கும்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "குடுக்காதீங்கண்ணு நான் செல்லல்ல. அது தப்பு. ஆறாம் நாளு கழிஞ்சு குடுங்க. சட்டம் ஒங்களுக்கு முப்பது நாளு தந்திருக்கில்லியா? அதுல ஒரு வாரம். யாரு என்ன செல்ல முடியும்?"

"அந்த ஒரு வாரமும் மழை பெய்யுமே."

"மழ எல்லா வருசமும் பெய்யுது. செவரும் எல்லா வருசமும் நிக்குது. எனக்க மவனுக்க பயலும் அந்த முறிலதான் இருக்கான். வேண்டாத பிள்ளையவா அனுப்பினேன்?" குரல் உயர்ந்து, பின் தானாகவே தாழ்ந்தது. "இந்தக் கடலாசு வெளிய போச்சுண்ணா நாலஞ்சு பேரு பிள்ளியளக் கொண்டு போயிருவான். வேன்காரன் ரோட்டுலயே நிக்கான். ஒருக்கப் போன டிவிஷன் திரிச்சு வராது மேடமே. நீங்களும் தமிழு படிச்ச ஆளுதானே?"

ஆம். நானும் அப்படியொரு பிரிவில் எழுத்து கற்றவள்தான். அது அவருக்குத் தெரியும். அதனால்தான் கடைசியில் சொன்னார்.

உங்களில் பலர் மிரட்டலுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறீர்கள். மிரட்டல் வரும், அதைத் தாங்குவது அத்தனை கடினமல்ல. நல்ல மனிதர் ஒருவர், நல்ல நோக்கத்தோடு, சட்டத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுகொண்டு, ஒரு வாரம் பொறுக்கச் சொல்வார். அதற்கு முன்கூட்டியே தயாராக இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கல்வி அலுவலர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், நேர்மையானவர். கோப்பை அவர் முன் வைத்தேன். இரண்டு பத்திகளையும் படித்துவிட்டு மலையாளத்தில் பேசினார். "இதில் கையெழுத்து உங்களுடையது. கொடு என்றோ கொடுக்காதே என்றோ நான் சொல்லக் கூடாது. மேல்முறையீடு வந்தால் நான்தான் விசாரிக்க வேண்டும். ஆனால் என்னைக் கேட்டால் நான் ஆறாம் நாள் வரை பொறுப்பேன். ஒரு பிரிவு போய்விட்டால், எதனால் போனது என்று ஊரில் கேட்கும்போது உங்கள் பெயரைத்தான் சொல்வார்கள்."

"அந்த அறையை மட்டும் காலி செய்யச் சொல்லி இப்போதே உத்தரவிடலாமே, சார்?"

"பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது? ஏன் காலி செய்தீர்கள் என்று கேட்க மாட்டார்களா? இரண்டும் ஒன்றுதான்."

அவர் என்னை அச்சுறுத்தவில்லை. என் மீது அக்கறை கொண்டே சொன்னார்.

அன்று நெய்யாற்றின்கரையிலிருந்து வீட்டுக்குப் போகும் பேருந்தில் இரண்டு பக்கத்தையும் மனத்துக்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பக்கம் ஒரு தமிழ்ப் பிரிவு, ஓர் ஆசிரியையின் இடம், இனி வரப்போகும் பிள்ளைகள். இழப்பு ஏறத்தாழ உறுதி. மறுபக்கம் விழலாம், விழாமலும் போகலாம் என்ற ஒரு சுவர். ஒரு மனிதரின் உயிரோடு தொடர்புடைய தகவல் என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. விஜிலா அதைச் சுட்டிக்காட்டவில்லை. அவருக்கு அது தெரியாது. அவர் கேட்காத உரிமையை நானாக எடுத்து அவர் கையில் கொடுக்க வேண்டுமா? கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் என்னைக் குறைசொல்ல ஆளில்லை.

கடைசியில் என்னை முடிவுக்குக் கொண்டுவந்தது எந்தச் சட்டப் பிரிவும் அல்ல. நான் அந்தச் சான்றைப் படித்துவிட்டேன் என்ற எளிய உண்மைதான். என் பிள்ளை அந்த அறையில் இருந்திருந்தால், மறுநாள் காலை என்ன செய்வதென்று அந்தப் பேருந்தில் இருந்தபடியே நான் தீர்மானித்திருப்பேன். விஜிலாவும் மறுநாள் காலை தன் மகளுக்குத் தலை பின்னி அனுப்பத்தான் போகிறார், எனக்குத் தெரிந்தது தெரியாமல். சட்டம் கொடுத்த முப்பது நாள் ஆவணத்தைத் தேடி எடுப்பதற்கானது. ஆவணம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதே நாட்களைச் செலவிட்டால், நான் வேறொருவருக்காக முடிவெடுக்கிறேன் என்று பொருள். அந்த அதிகாரத்தை எனக்கு யாரும் தரவில்லை. சுகுமாரன் தம் பேரனுக்காகத் துணியலாம். விஜிலாவின் மகளுக்காக அவரும் துணியக் கூடாது, நானும் துணியக் கூடாது.

மறுநாள் அலுவலகம் திறந்ததும் விஜிலாவைத் தொலைபேசியில் அழைத்தேன். கடையில் சொல்லிவிட்டு வந்தார். நகலில் முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தேன். நீங்கள் மிகவும் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

சான்று மலையாளத்தில் இருந்தது. விஜிலா எங்கள் எழுத்தரோடு மலையாளம் பேசியதைக் கேட்டால் அவர் வேறு மொழி பேசுவார் என்றே தோன்றாது. நம் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். அதனால்தான் ஒரு தவறு நமக்குத் தொடர்ந்து நேர்கிறது: இரண்டு மொழி பேசுகிறவருக்கு இரண்டு எழுத்தும் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறோம். விஜிலா நகலைக் கையில் வாங்கினார், பார்த்தார். பார்வை தாளின் நடுவிலேயே நின்றது, வரிகளின் மேல் நகரவில்லை. பிறகு நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வலிய உபகாரம் மேடம், வாறேன்," என்று எழுந்தார்.

அவரை அப்படியே அனுப்பியிருந்தால் என் கடமை முடிந்திருக்கும். அவர் அதை யாரிடமாவது கொண்டுபோய் வாசிக்கச் சொல்லியிருப்பார். வேன்காரர் வாசித்திருந்தால் இரண்டாம் பத்தியை மட்டும் வாசித்திருப்பார். தலைமையாசிரியர் முதல் பத்தியை வாசித்திருப்பார். யார் கையில் அது முதலில் சேர்கிறதோ, அவருடைய அச்சம் அல்லது அவருடைய தேவை விஜிலாவின் முடிவாகியிருக்கும்.

"உட்காருங்கள், வாசித்துச் சொல்கிறேன்," என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "பேசுவேன் மேடம், எல்லாம் பேசுவேன்…"

"எனக்குத் தெரியும்."

ஆவணத்துக்கு விளக்கம் சொல்வது தகவல் அலுவலரின் வேலை அல்ல என்று உங்களுக்குப் பயிற்சியில் சொல்வார்கள், சரிதான். நான் விளக்கம் சொல்லவில்லை. இரண்டு பத்திகளையும் கூட்டாமல், குறைக்காமல் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்; சொன்னேன். அவர் உதடுகள் அசைந்தன; மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"அப்பம், கொழப்பம் இந்த ஒரு முறிக்கு மட்டுந்தானா?"

"இதில் எழுதியிருப்பது அவ்வளவுதான்."

"எல்லா முறியும்தான்னு நான் நெனச்சுப் போட்டேன்." பிறகு நேராக என் முகத்தைப் பார்த்தார். "நீங்களாயிருந்தா பிள்ளைய விடுவியளா?"

அதற்கு நான் பதில் சொல்லியிருக்கக் கூடாது என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். எனக்கும் அந்த ஐயம் உண்டு. "பள்ளிக்கூடத்தில் விடுவேன். அந்த அறையில் விடமாட்டேன்," என்றேன். அலுவலர் பேசும் பேச்சு அல்ல அது. ஆனால் கேட்டவர் அலுவலரைக் கேட்கவில்லை.

"அப்பம் பள்ளிக்கூடத்த விடாண்டாம். முறிய விட்டா போதும்," என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு போனார்.

அவர் போனதும் கல்வி அலுவலரிடம் குறிப்பு வைத்தேன்: தகவல் வழங்கப்பட்டது, இரண்டாம் பத்திக்கு மாறாக அந்த அறை பயன்பாட்டில் இருக்கிறது. அவர் சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அறையை உடனே பூட்டும்படி உத்தரவில் கையெழுத்திட்டார். முந்தைய நாளே அவர் அதைச் செய்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அவரும் அதை எண்ணியிருக்க வேண்டும். என்னைப் பாராமலேயே கோப்பைத் திருப்பித் தந்தார்.

பிள்ளைகளை உட்காரவைக்க இடமில்லை என்று நாங்கள் இருவரும் நம்பியிருந்தோம் அல்லவா? விஜிலா அன்று மாலையே பள்ளிக்கு எதிரே இருந்த தேவாலயச் சபையின் செயலாளரைப் பார்த்து, ஓய்வுநாள் பள்ளி நடக்கும் கூடத்தை வகுப்பு நடத்தக் கேட்டு வாங்கிவிட்டார். வார நாட்களில் அது பூட்டித்தான் கிடந்தது. பள்ளி வாசலில் கூடிய தாய்மாரிடம், கையிலிருந்த நகலை விரிக்காமலேயே, இரண்டு பத்திகளையும் ஒப்பித்தார் என்று பின்னர் கேள்விப்பட்டேன். பயமுறுத்தும் பாதியை மட்டும் சொல்லவில்லை. பயம் தீர்க்கும் பாதியையும் விடவில்லை.

இந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டால் உங்களுக்கு இனிப்பாக இருக்கும். ஆனால் நடந்தது முழுவதையும் சொல்ல வேண்டும். சிலர் அதற்குப் பிறகும் பயந்தார்கள். பூட்டிய அறையைப் பார்த்தே பயந்தவர்களும் உண்டு. வேன் வந்தது, பிள்ளைகள் ஏறினார்கள். ஆறாம் வேலை நாளில் மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிரிவில் தலை குறைந்தது. பிரிவு போயிற்று. ஆசிரியையை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள். எஞ்சிய பிள்ளைகளை மலையாளப் பிரிவில் உட்காரவைத்தார்கள். விஜிலாவின் மகளும் சுகுமாரனின் பேரனும் அவர்களில் இருந்தார்கள். தன்னால் வாசிக்க முடியாத எழுத்தில் மகள் வீட்டுப்பாடம் எழுதுவதை விஜிலா பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று.

அந்த மழைக்காலத்தில் சுவர் விழவில்லை.

ஐப்பசியில் பெய்யும் துலாம் மாத இடிமழையிலும் விழவில்லை. விஜிலாவைப் பேருந்து நிறுத்தத்தில் பார்ப்பவர்கள், "என்ன விஜிலா, செவரு நிக்குதா?" என்று கேட்பார்களாம். ஒருநாள் பாறசாலைச் சந்தையில் சுகுமாரன் ஆட்டோவை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு என்னிடமும் சொன்னார்: "மேடமே, செவரு இப்பளும் நிக்குது, கேட்டியளா? டிவிஷன்தான் விழுந்து போச்சு." சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர் சொன்னதில் பொய் இல்லை.

அப்போது சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன். அந்தச் சுவர் விழுந்திருந்தால் ஊர் என்னைப் பாராட்டியிருக்கும். ஆனால் என் முடிவு அதனால் கூடுதல் சரியாகிவிட்டிருக்காது. விழாததால் தவறாகிவிடவும் இல்லை. நாம் முடிவெடுக்கும் நாளில் சுவர் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியாது. தெரிந்திருப்பது கோப்பில் உள்ள இரண்டு பத்திகளும், அவற்றைக் கேட்டு நிற்கும் ஒருவரும்தான். அந்தப் பிரிவு போனதில் என் பங்கு எவ்வளவு என்று நான் இன்றும் எண்ணுவதுண்டு; எண்ணாமல் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. சரியானதைச் செய்தவருக்கு இழப்பைப் பற்றிக் கவலை இருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அடுத்த கோடை விடுமுறையில் பஞ்சாயத்து அந்த அறையை இடித்தது. கை வைத்ததும் சரிந்துவிட்டது என்றார் எங்கள் எழுத்தர். கடப்பாரை வளைந்துபோயிற்று என்று சுகுமாரன் சொல்லிக்கொண்டு திரிந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை.

பள்ளி மீண்டும் திறந்த வாரம். மழை. சன்னலுக்கு வெளியே ஒரு விண்ணப்பம் நீண்டது. தமிழில், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியது. நீட்டிய கை சுகுமாரனுடையது. அவருக்குப் பின்னால், குடையை மடக்கிக்கொண்டு, விஜிலா நின்றார். விண்ணப்பத்தை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தது அவர்தான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அதே அமைப்பு, அதே முதல் வரி. தமிழ்ப் பிரிவை நீக்கிய உத்தரவு, மொழிச் சிறுபான்மைப் பிரிவு ஒன்றைத் திரும்பத் தொடங்குவதற்கான விதிகள் ஆகியவற்றின் நகல்களைச் சுகுமாரன் கேட்டிருந்தார். இந்த முறை சேர்ப்பதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், விதி என்னவென்று தெரிந்தால் போதும் என்றார்.

எழுத்தர் வாய் திறக்கப் போனவர், என்னைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். விண்ணப்பத்தில் முத்திரை குத்தி ரசீது எழுதினேன்.

"எப்பம் கிட்டும் மேடமே?" என்றார் சுகுமாரன்.

"முப்பது நாள் வரை சட்டத்தில் இடமுண்டு, அண்ணா."

அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பின் தலையைக் குனிந்துகொண்டார். "அதுக்கு மும்ப ஆறாம் நாளு கழிஞ்சு போவுமே," என்றார் மெல்ல. "வச்சோண்டு இருக்காதீங்க."

"அண்ணா," என்றார் விஜிலா பின்னாலிருந்து. "செவரு நிக்குதா?"

சுகுமாரன் திரும்பவில்லை, சிரிக்கவும் இல்லை. "இல்ல மக்கா," என்றார்.

நான் எழுந்து அலமாரியைத் திறந்தேன். இரண்டு கோப்புகளும் அங்கேயே இருந்தன. நகல் எடுத்து முடித்ததும் அவர்கள் இருவரையும் உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவையும் மலையாளத்தில்தான் இருந்தன; வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது.